நிக்கான் இசட் பாடியில் பழைய எஃப் மவுண்ட் லென்ஸ்

பழைய எஃப் மவுண்ட் லென்ஸுக்காக இசட் பாடி (நிக்கானின் மிரர்லெஸ் கேமரா) வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது லென்ஸின் பெயரில் உள்ள எழுத்துகளை. ஏஎஃப்-எஸ் என்றால் எஃப்டிஇசட் அடாப்டரில் (எஃப் மவுண்ட் லென்ஸை இசட் பாடியில் பொருத்தும் இணைப்பு) ஆட்டோஃபோகஸ் வரும். 50 மி.மீ. எஃப் 1.8 டி போன்ற ஏஎஃப்-டி லென்ஸ்களுக்கு வராது. அவற்றைச் சுழற்றும் மோட்டார் பழைய டிஎஸ்எல்ஆர் பாடிக்குள் இருந்தது; அடாப்டரில் அது இல்லை. பாடிக்கு எத்தனை லட்சம் கொடுத்தாலும் இது மாறாது.

ஏஎஃப்-டி லென்ஸின் அபெர்ச்சர் (ஒளி புகும் துளை) வளையத்தைக் கடைசி எண்ணில் (எஃப் 22 அல்லது 16) வைத்துப் பூட்டிவிடுங்கள். விலகினால் திரையில் 'எஃப்இஇ' என்று வரும், ஷட்டர் இயங்காது. கையால் ஃபோகஸ் செய்யும்போது, சரியான இடத்தில் ஃபோகஸ் பெட்டி பச்சையாகும்.

கையால் மட்டுமே ஃபோகஸ் செய்யும் பழைய ஏஐ-எஸ் லென்ஸில் சிப் இல்லை. மெனுவில் நான்-சிபியு லென்ஸ் டேட்டாவில் குவியத்தூரத்தைப் பதியுங்கள். 105 மி.மீ. லென்ஸைப் போட்டுவிட்டு 50 என்றே விட்டால், பாடியின் நடுக்கத் தடுப்பு தேவையானதைவிடக் குறைவாகவே ஈடுசெய்யும், படம் கலங்கும். அபெர்ச்சரை வளையத்தில் திருப்பியதுமே துளையைச் சுருக்கும் இதழ்கள் மூடிக்கொள்ளும். எஃப் 8-இல் பீக்கிங்கை (ஃபோகஸான விளிம்புகளை நிறமிட்டுக் காட்டும் வசதி) நம்பாதீர்கள், பாதிப் படமே மின்னும். 50 மி.மீ. எஃப் 1.4-இல் முழுதாகத் திறந்து ஃபோகஸ் செய்து எஃப் 2.8-க்கு மூடினால் ஃபோகஸ் சற்றே பின்னால் நகரும். எடுக்கப்போகும் அபெர்ச்சரிலேயே, திரையைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்வதுதான் என் பரிந்துரை.

லென்ஸ் வாங்கும் முன் அதன் பின்பக்க அபெர்ச்சர் நெம்புகோலை விரலால் தள்ளி விடுங்கள். இதழ்கள் சட்டென்று திரும்ப வேண்டும். மெதுவாக ஊர்ந்தால் எண்ணெய் கசிந்திருக்கிறது.