அலைகரை: ஒரு பேய்ப்பட போஸ்டர் செய்து பார்த்த அனுபவம்

படத்தின் கதையைச் சொல்வது போஸ்டரின் வேலை இல்லை. இது என்ன மாதிரிப் படம், யாரைக் கூட்டிக்கொண்டு போகலாம், இந்த இரண்டும் விளங்கினால் போதும். அதைச் சொல்ல வைப்பதற்காகத்தான் கொஞ்சக் காலமாக இரவில் லப்டொப்போடு இருக்கிறேன். தெரிந்த பெடியள் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்திருக்கிறார்கள். குளத்து அலைகரைக்கு, அதாவது தண்ணீர் வந்து மோதும் கரைக்கு, இரவில் மீன் பிடிக்கப் போகும் ஒருவரின் கதை, பேய்ப்படம். பெயரும் 'அலைகரை'தான். கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் திரையிடப் போகிறார்கள். போஸ்டர் என் பொறுப்பு.

சென்னைப் படங்களின் போஸ்டர்களைப் பார்த்துப் பார்த்தே எங்களுக்கு ஒரு பாடம் ஏறியிருக்கிறது. வெளிர் நீலமும் நிறைய வெற்றிடமும் என்றால் காதல். மஞ்சள் பின்னணியில் எல்லாரும் கூட்டமாக முழித்துக்கொண்டு நின்றால் நகைச்சுவை. செம்மண் நிறம், அரிவாள், தூரிகையால் இழுத்த மாதிரி எழுத்து என்றால் கிராமத்து வெட்டுக்குத்து. பேய்ப்படத்துக்கு இருட்டு, ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விழுந்த ஒரு முகம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கறுப்புப் பின்னணி, நடுவில் நடிகரின் முகம், நிறத்தை எடுத்துவிட்டுச் சாம்பலாக்கினேன்.

ஒரு போஸ்டர் பேசுகிறதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் வழி, பெயரை மறைத்துவிட்டுக் காட்டுவது. தேத்தண்ணிக் கடை அண்ணையிடம் போனை நீட்டினேன். கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஆர் தம்பி இது? எப்ப நடந்தது?" என்று கேட்டார்.

அவர் கேட்டது சரிதான். பரந்தன், கிளிநொச்சி, மாங்குளம் என்று எந்தச் சந்தியில் நின்று பார்த்தாலும் சுவரில் இருக்கும் முகங்களில் பாதி கண்ணீர் அஞ்சலிதான். நடுவில் ஒரு முகம், சுற்றிவர இருட்டு என்றால் எங்கள் கண்ணுக்கு அது மரண அறிவித்தல். அதற்குப் பிறகு எந்த அடையாளத்தையும் எங்கள் சுவரில் ஒட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன். ஒரு நிறமோ உருவமோ தானாகப் பயத்தையோ சிரிப்பையோ சொல்லுவதில்லை. பார்ப்பவர் அதை முன்னர் எங்கே கண்டிருக்கிறார் என்பதுதான் சொல்லுகிறது.

மர்மப் படங்களுக்கு இன்னொரு பழகிய முறை இருக்கிறது. வரிசையாக முகங்கள், அதில் ஒன்று மட்டும் அழிந்திருக்கும். படக்குழுவில் ஒரு தம்பி அதைக் கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராடத் தொடங்கினார்கள். வரிசையாக முகங்கள் என்றால் இங்கே அந்தத் தாய்மார் பிடித்திருக்கும் படங்கள்தான். அந்த ஊரில் ஒரு முகத்தை அழித்துக் காட்டிப் பயமுறுத்த எனக்கு மனம் இல்லை. தலையில்லாத பனையையும் இதே மாதிரி விட்டேன். வெளியூர்க்காரருக்கு அது பேய் உலாவும் இடமாகத் தெரியலாம். எங்கள் ஆட்களுக்கு அது ஷெல் விழுந்த மரம். அதைப் போட்டால் போர்ப்படம் என்று நினைத்து வருவார்கள், அல்லது அதற்காகவே வராமல் விடுவார்கள்.

சரி, முகமும் இல்லை, பனையும் இல்லை என்றால் பயத்தை எங்கே வைப்பது? ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் 'ஜாஸ்', 1975 இல் வந்த படம், அதன் போஸ்டரைத் திரும்பப் பார்த்தேன். ரொஜர் காஸ்டெல் வரைந்தது, முதலில் படத்துக்கு மூலமான நாவலின் மலிவுப் பதிப்பு அட்டைக்காக. மேலே சின்னதாக நீந்தும் ஒரு பெண், கீழே இருந்து நேரே எழும்பும் பெரிய சுறா. பல்லைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை. அவளுக்கும் சுறாவுக்கும் நடுவில் விட்டிருக்கும் தண்ணீரில்தான் பயம். எங்களுக்குத் தெரிவது அவளுக்குத் தெரியாது.

அந்த அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன். பொழுதுபடுகிற நேரம் குளக்கட்டில் நின்று படம் எடுத்தோம். மேலே ஒரு கீற்று வானம், மருத மரங்கள், கரையில் குந்தியிருக்கும் மனிதர், விரல்நுனி அளவு. அதற்குக் கீழே முழுவதும் தண்ணீர். தண்ணீரில் அவருடைய நிழல் தெரிகிறது, ஆனால் நிழல் எழும்பி நிற்கிறது. அவ்வளவுதான். இதை அதே அண்ணையிடம் காட்டியபோது போனைக் கிட்டக் கொண்டுபோய், "ஐயோ, இவன் இருக்கிறான், அது நிக்குது!" என்றார். பக்கத்தில் நின்ற அக்கா, "இது எங்கட குளமெல்லோ" என்றார்.

அக்கா சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. பெரிய படங்களுக்குக் கூட்டத்தை இழுப்பது நட்சத்திரத்தின் முகம். எங்களிடம் அது இல்லை. தெரிந்த இடம் அந்த வேலையைச் செய்கிறது. அதனால் மரங்களை இருட்டுக்குள் மறைக்காமல், பார்த்தவுடன் இடம் பிடிபடுகிற அளவுக்கு வெளிச்சம் விட்டேன். இரத்தம் ஒரு துளியும் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று யோசிக்கும் அம்மாமார் இதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

தலைப்பு எழுத்தைக் கையால் வரைந்தேன். 'லை', 'ரை' இரண்டிலும் முன்னால் வரும் இரட்டைச் சுழியைக் கொஞ்சம் அகட்டி, தண்ணீரில் வளையம் விரிகிற மாதிரி விட்டிருக்கிறேன். இரத்தம் வடிகிற எழுத்து தமிழுக்குப் பொருந்துவதில்லை என்பது என் எண்ணம். சுழியும் வளைவும் நிறைந்த எழுத்தில் வடிவதெல்லாம் சேர்ந்து வாசிக்க முடியாமல் போகிறது. நாள், நேரம், இடத்துக்கு 'பவனம்' எழுத்துரு. இலங்கையரான தாரிக் அஸீஸ் வடிவமைத்தது, இலவசமாகக் கிடைக்கிறது, சின்னதாகப் போட்டாலும் தெளிவாக நிற்கிறது. அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருதான் ஓடுகிறது. யூனிகோட் எழுத்தை அப்படியே கொடுத்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகப் பிரிந்துவிடலாம். அதனால் இன்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் எழுத்தெல்லாவற்றையும் கோட்டுருவாக, அதாவது வெறும் வரைபடமாக, மாற்றிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

அளவு ஏ3. அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3508க்கு 4961 பிக்சல். கடும் நீலம் திரையில் அழகாக இருந்தது, தாளில் ஊதாவாக வந்தது. நீலத்துக்குள் பச்சையைக் கூட்டி, நடுத்தர இருட்டையும் வெளுக்க வைத்தேன். போன் திரைக்குத் தன் வெளிச்சம் இருக்கிறது, தாளுக்கு இல்லை. அப்புறம், ஏ9 வீதியோரச் சுவரில் ஒட்டினால் வெயிலும் செம்மண் புழுதியும் சேர்ந்து மிச்ச இருட்டையும் மங்க வைத்துவிடும். வட்ஸ்அப்பில் போடுவதற்கு வேறு பிரதி. அதில் மனிதர் கொஞ்சம் பெரிது, விவரங்களில் நாள் மட்டும்.

அச்சில் வந்த மாதிரியைப் பெடியள் ஏற்றுக்கொண்டார்கள். அடுத்ததாக ஒரு நகைச்சுவைக் குறும்படத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். வழமையான மஞ்சள் பின்னணி, சிவப்புத் தலைப்பு அவர்களுக்கு வேண்டும். கார்த்திகையில் மாவீரர் நாளுக்கு றோட்டோரம் கட்டும் சிவப்பு மஞ்சள் கொடிகளை நினைத்தால் அந்தச் சோடியில் சிரிப்பு வராது. மஞ்சளை வைத்துக்கொண்டு சிவப்பின் இடத்தில் இலைப்பச்சையைப் போட்டுப் பார்க்கிறேன். பழக்கடை விளம்பரம் மாதிரி இருக்கிறது என்று முதல் ஆள் சொல்லிவிட்டார். பச்சையைக் கொஞ்சம் கருக்க வைத்துத் திரும்பக் காட்ட வேண்டும்.