கொள்ளைபோன வளையல்கள்

“அம்மாவே கொள்ளை என்றுதானே எழுதியிருக்கிறார், சார்? நீங்கள் ஏன் அதைத் திருட்டு ஆக்குகிறீர்கள்?”

புகார் கொடுத்த அம்மாவின் பையனுக்கு அன்று மொழிபெயர்ப்பாளனான நான் சொன்ன பதில் சரியானதுதான். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. புகாரின் கடைசி வரி இது: “கொள்ளைபோன என் வளையல்களை மீட்டுத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.” உயர் நீதிமன்றத்தில் கைதானவனின் ஜாமீனை எதிர்ப்பதற்காக அதை ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டியிருந்தது. நான் ராபரி (பலவந்தமாகவோ மிரட்டியோ பறிப்பது) என்று போடவில்லை, தெஃப்ட் (திருட்டு) என்று போட்டேன்.

என் நியாயம் இது. நம் பேச்சில் கொள்ளை என்பது அகலமான சொல். ஆளில்லாத வீட்டின் பூட்டை உடைத்து நகையை எடுத்தாலும் செய்தித்தாள் அதைக் கொள்ளை என்றே எழுதும். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தில் தெஃப்ட், ராபரி, அத்துமீறிப் புகுந்து திருடும் பர்க்ளரி மூன்றும் தனித்தனிப் பிரிவுகள். நம் இந்திய தண்டனைச் சட்டத்தில் 378ஆவது பிரிவு தெஃப்ட்டையும் 390ஆவது பிரிவு ராபரியையும் வரையறுத்தன. சம்மதமின்றி எடுத்தால் திருட்டு. எடுப்பதற்காகக் காயப்படுத்தினாலோ, தடுத்து நிறுத்தினாலோ, அந்தக் கணமே ஏதாவது செய்துவிடுவான் என்று அஞ்ச வைத்தாலோ அது ராபரி. முன்னதற்கு 3 ஆண்டு வரை சிறை, பின்னதற்குப் பொதுவாக 10 ஆண்டு வரை.

390ஆவது பிரிவிலுள்ள எடுத்துக்காட்டுகளை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒருவரை அமுக்கிப் பிடித்து உடையிலிருந்து பணத்தையும் நகையையும் எடுத்தால் ராபரி. “உன் குழந்தை என் கூட்டத்தாரிடம் இருக்கிறது, பணம் அனுப்பாவிட்டால் கொன்றுவிடுவோம்” என்று மிரட்டி வாங்கினால் அது எக்ஸ்டார்ஷன், அதாவது மிரட்டிப் பறித்தல் மட்டுமே; குழந்தை அப்போதே கொல்லப்படும் என்ற அச்சம் இருந்தால்தான் ராபரி ஆகும். பெற்றவளுக்கு இரண்டும் ஒரே பயம்தான். சட்டம் அதற்குள்ளும் ஒரு கோடு கிழிக்கிறது.

அந்த அம்மாவின் புகாரில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. “கையிலிருந்த வளையல்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். கை இன்னும் வலிக்கிறது.” எத்தனையோ ஆண்டுகளாகக் கையிலேயே கிடந்த வளையல்கள். வயதான கையிலிருந்து அவை தாமாக வராது. சோப்பு போட்டாலும் சிரமம். கையை அழுத்திப் பிடிக்காமல் எவனும் கழற்றியிருக்க முடியாது. அது எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனால் பிடித்தான் என்ற சொல் தாளில் இல்லை. வலிக்கும் கை ஒரு வாக்கியத்தில், கழற்றியவன் வேறொரு வாக்கியத்தில். முதல் தகவல் அறிக்கையில் போட்டிருந்ததோ 379, வெறும் திருட்டுக்கான தண்டனைப் பிரிவு.

“அவன் அம்மா கையை முறுக்கிப் பிடித்திருக்கிறான், சார். அம்மாவுக்கு அதை எழுதத் தெரியவில்லை.”

“தம்பி, அதை வக்கீலிடம் சொல்லுங்கள். அம்மா போலீஸிடம் கூடுதல் வாக்குமூலம் கொடுக்கலாம். இதில் நான் சேர்க்க முடியாது.”

இதில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறமாட்டேன். மூலத்தில் இருப்பதைத்தான் தந்திருக்கிறேன் என்று கையொப்பமிடுபவன் நான். கைதானவனின் தாய் அதே தாளைக் கொண்டுவந்திருந்தாலும் அதே சொல்லைத்தான் எழுதியிருப்பேன்.

ஆனால் அந்த அறிக்கையில் ராபரிக்கான தண்டனைப் பிரிவான 392 என்று இருந்திருந்தால்? கொள்ளைபோன என்ற சொல்லுக்கு நேராக யோசிக்காமல் ராபரி என்று எழுதியிருப்பேன். அப்படியானால் என் கையை நடத்தியது அந்த அம்மாவின் தமிழா, காவல் நிலையத்தில் யாரோ போட்ட எண்ணா? நடுநிலை என்று நான் நம்பியது அந்த எண்ணுக்குக் கீழ்ப்படிவதாகவும் இருக்கலாம். நீதிபதி மொழிபெயர்ப்பாளனின் சொல்லை வைத்தா தீர்மானிக்கப்போகிறார் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அப்படியென்றால் அந்தச் சொல்லை அந்த அம்மா விரும்பியபடியே எழுதியிருக்கலாமே என்றும் தோன்றுகிறது. இரண்டையும் ஒன்றாகச் சொல்ல முடியவில்லை.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் 304ஆவது பிரிவாக ஸ்னாட்சிங் வந்திருக்கிறது. திடீரென்றோ, விரைவாகவோ, பலவந்தமாகவோ ஒருவரிடமிருந்து பறிப்பது. அந்த அம்மாவுக்கு நேர்ந்ததைச் சொல்ல இது நெருங்கி வருகிறது. உச்சபட்ச சிறை, முதல்முறைத் திருட்டுக்கு உள்ள அதே 3 ஆண்டுகள்தான்.