எந்த ஊர்க் காற்று? சூப்பர்சார்ஜர் ப்ராஜெக்ட்டில் நான் இடறிய இடங்கள்

ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் கடைசி வருடம் எனக்கு வந்த டிசைன் ப்ராஜெக்ட் ஒரே வரிதான். 5 லிட்டர் வி8 பெட்ரோல் இன்ஜினிலிருந்து 7000 ஆர்பிஎம்மில் 700 குதிரைத்திறன் வேண்டும், அதற்கேற்ற சூப்பர்சார்ஜரை, அதாவது இன்ஜின் சுழற்சியாலேயே ஓடி அதற்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் ப்ளோயரைத் தேர்ந்தெடு. முதல் ரிவ்யூவுக்கு, சுற்றுக்கு 4 லிட்டர் காற்று தள்ளும் ட்வின் ஸ்க்ரூ (இரட்டைத் திருகு) வகை என்று எழுதிக்கொண்டு போனேன். பெரிய பவருக்குப் பெரிய ப்ளோயர், அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

சார் பக்கங்களைப் புரட்டிவிட்டு இரண்டே கேள்வி கேட்டார். "நிமிஷத்துக்கு எத்தனை கிலோ காற்று வேணும்?" தெரியவில்லை. "காற்றோட வெப்பநிலை என்ன எடுத்திருக்க?" அது தெரியும். "15 டிகிரி சார்." தலைக்கு மேல் ஓடிய ஃபேனைப் பார்த்தார், வியர்வை வழிந்த என் நெற்றியைப் பார்த்தார். சென்னையில் ஏப்ரல் மாதம். "எந்த ஊர்க் காற்றுப்பா இது?"

இதே தலைப்போ இதற்குப் பக்கத்துத் தலைப்போ எடுக்கப்போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ப்ளோயரின் லிட்டரிலிருந்தும் தொடங்காதீர்கள், பூஸ்ட் (வெளிக்காற்றுக்கு மேல் ஏறும் அழுத்தம்) எத்தனை பார் என்பதிலிருந்தும் தொடங்காதீர்கள். காற்றின் எடையிலிருந்து தொடங்குங்கள். இரண்டாம் ரிவ்யூவுக்கு நான் போட்ட கணக்கு இது. 700 குதிரைத்திறன் என்பது 522 கிலோவாட். சூப்பர்சார்ஜர் உள்ள பெட்ரோல் இன்ஜின் முழு பவரில் ஒரு கிலோவாட் மணிக்குச் சுமார் 350 கிராம் பெட்ரோல் எடுக்கும் என்று வைத்தேன். காற்றுக்கும் பெட்ரோலுக்கும் விகிதம் 11.8. ஆக நிமிடத்துக்கு 3 கிலோ பெட்ரோல், 36 கிலோ காற்று. ஒன்றரை சிப்பம் அரிசியின் எடைக்குக் காற்று, அதுவும் ஒரு நிமிடத்தில்!

அப்புறம், சூப்பர்சார்ஜர் இல்லாமல் இதே இன்ஜின் எவ்வளவு இழுக்கும் என்று பாருங்கள். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை 5 லிட்டர் நிரம்புகிறது. 7000 ஆர்பிஎம்மில் 95 சதவீதம் நிரம்புவதாக வைத்தால் நிமிடத்துக்கு 16,600 லிட்டர் சொச்சம். 35 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.15 கிலோதான், ஆகவே 19 கிலோ வருகிறது. நமக்குத் தேவை அதைப்போல் 1.9 மடங்கு. இன்டர்கூலர் காற்றை 55 டிகிரிக்கு இறக்கித் தரும் என்று கொண்டால் அழுத்த விகிதம் 2, அதாவது 1 பார் பூஸ்ட். இங்கேதான் பாதிப் பேர் வழுக்கி விழுகிறார்கள். மீட்டரில் 1 பார் காட்டினால் விகிதம் 1 இல்லை. வெளியில் ஏற்கெனவே இருக்கும் 1 பாரையும் கூட்ட வேண்டும்.

இதெல்லாம் தாளில் சரிதான், ஆனால் எனக்கு மனதில் ஒட்டவில்லை. ப்ளோயரைக் கண்ணால் பார்க்கலாம் என்று பழைய வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டைக்குப் போனேன். "தம்பி, லாரி டர்போ வேணும்னா இப்பவே தரேன், நீ சொல்றது நம்ம பக்கம் வராது" என்றார் கடைக்காரர். கடைசியில் அதைப் பார்த்தது மேடவாக்கத்தில், அக்கா குடியிருக்கும் அடுக்குமாடியின் கழிவுநீர் சுத்திகரிப்பு அறையில். தொட்டிக்குக் காற்று ஊதுவதும், சூப்பர்சார்ஜர்களில் வருகிற ரூட்ஸ் வகை ப்ளோயர்தான். ரூட்ஸ் சகோதரர்கள் 1860ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய அதே அமைப்பு.

ஒரு ப்ளோயர் பழுதுக்காகத் திறந்து கிடந்தது. உள்ளே 8 வடிவத்தில் இரண்டு ரோட்டர்கள், ஒன்றையொன்று தொடாமல், நடுவில் மயிரிழை இடைவெளி. ஆபரேட்டர் அண்ணன் கையால் சுற்றிப் பார்க்கச் சொன்னார். மெதுவாகச் சுற்றினால் தள்ளிய காற்று அந்த இடுக்கு வழியாகவே திரும்பி வந்துவிடும் என்றார். என் 4 லிட்டர் ப்ளோயரின் பிரச்சினை அதுதான் என்று அங்கேயே உறைத்தது. நிமிடத்துக்குத் தேவையான 36 கிலோ காற்று, 35 டிகிரியில் 31,400 லிட்டர். சுற்றுக்கு 4 லிட்டர் என்றால், பத்து சதவீதக் கசிவு போக, முழு வேகத்திலேயே அது 8,700 ஆர்பிஎம் சுற்றினால் போதும். இன்ஜின் 2000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ப்ளோயர் 2500தான் சுற்றும். அந்த வேகத்தில் கசிவு பத்து சதவீதத்தோடு நிற்காது.

பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த இன்னொரு ப்ளோயரில் காற்று உள்ளே போகும் பக்கம் கை வைத்தேன், ஒன்றுமில்லை. வெளியே வரும் குழாயைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டேன். அது ஊதும் அழுத்தமோ அரை பார்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து வெப்பக் கணக்கைத் திரும்பப் போட்டேன். அழுத்த விகிதம் 2, ப்ளோயரின் திறன் 60 சதவீதம். 35 டிகிரியில் உள்ளே போகும் காற்று 147 டிகிரியில் வெளியே வருகிறது. புத்தகத்தின் 15 டிகிரி என்றால் 120. உள்ளே 20 டிகிரி வித்தியாசம், வெளியே 27. இன்டர்கூலர் இல்லாவிட்டால் அழுத்தம் இரட்டிப்பானாலும் காற்றின் எடை ஒன்றரை மடங்கைக்கூடத் தொடாது. பூஸ்ட் மீட்டரை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்களுக்கு இந்த ஒரு கணக்கு போதும்.

சின்ன ப்ளோயர்? 1.7 லிட்டர் போட்டால் 20,000 ஆர்பிஎம் சுற்ற வேண்டும். முதல் நாளே எல்லையில் நிற்கும், சூடும் ஏறும். 2.6 லிட்டர் வகுப்பில் 13,000 சொச்சம், புல்லி விகிதம் (இன்ஜின் ஒரு சுற்றுக்கு ப்ளோயர் சுற்றுவது) 1.9. நான் அதைத்தான் எடுத்தேன். ஆனால் சின்னது என்றாலே தப்பு என்று எழுதிவிடாதீர்கள். 2009 கார்வெட் இசட்ஆர்1 காரின் 6.2 லிட்டர் இன்ஜினில் 2.3 லிட்டர் ப்ளோயர், 638 குதிரைத்திறன். 2015 இசட்06 காரிலும் 6.2 லிட்டர்தான், ப்ளோயர் 1.7 லிட்டராகச் சுருங்கியது, பவரோ 650. பவர் 755க்கு ஏறிய 2019 இசட்ஆர்1 காருக்கு 2.65 லிட்டர் தேவைப்பட்டது. டாட்ஜின் 6.2 லிட்டர் ஹெல்கேட் வரிசையும் அப்படித்தான்: 2.4 லிட்டரில் 707 குதிரைத்திறன், பிறகு டீமனில் 2.7 லிட்டர், அதன் பிறகு 3 லிட்டர். உங்கள் விடை சரியா என்று பார்க்க இவற்றைவிட நல்ல உரைகல் கிடையாது.

வேகமாகச் சுற்றும் இறக்கைச் சக்கரத்தால் காற்றை வீசும் சென்ட்ரிஃபியூகல் வகைக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதில் பூஸ்ட், வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 7000ல் 1 பார் என்றால் 3500ல் கால் பார்தான். ரேஸ் டிராக்கில் ஓட்டலாம், ஜிஎஸ்டி ரோடு நெரிசலில் அது இருப்பதே தெரியாது.

ஆக்டேனில், அதாவது பெட்ரோல் நாக்கிங்கை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் எண்ணில், ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கக் கட்டுரைகளில் வரும் 93 ஆக்டேன் வேறு அளவுகோல், நம் கணக்கில் அது ஏறக்குறைய 98. நான் ப்ராஜெக்ட் செய்தபோது நம்ம பங்க்கின் சாதாரண பெட்ரோல் 91. எண்கள் பக்கத்தில் இருப்பதால் ஒன்றுதான் என்று நினைத்து 1 பார் பூஸ்ட் போட்டால் நாக்கிங்கில் (பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பதில்) பிஸ்டன் போய்விடும். நான் கம்ப்ரஷன் விகிதத்தைக் குறைத்து, சில பங்க்குகளில் மட்டும் கிடைக்கும் 100 ஆக்டேன் பெட்ரோல் என்று தெளிவாக எழுதினேன்.

இறுதி வைவா மே மாதம். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் முதலில் ப்ளோயரைச் சுற்றும் பெல்ட்டைத்தான் பிடித்தார். "அது எவ்வளவு பவர் தாங்கணும்?" நொடிக்கு 0.6 கிலோ காற்று, 112 டிகிரி ஏற்றம், 68 கிலோவாட். சுமார் 90 குதிரைத்திறன் என்றேன். ஒரு சின்ன காரின் மொத்த இன்ஜினும் ப்ளோயரைச் சுற்றவே போய்விடுகிறது என்று சேர்த்துக்கொண்டேன், தலையாட்டினார். அப்புறம் நான் காத்திருந்த கேள்வி வந்தது.

"வெப்பநிலை?"

"35 டிகிரி சார். 42க்கும் போட்டுப் பார்த்திருக்கேன், பதினைந்து குதிரைத்திறன் குறையுது."

கையெழுத்துப் போட்டுவிட்டு, அட்டெண்டரிடம் ஃபேனைக் கூட்டி வைக்கச் சொன்னார்.