அவசரம் என்று யார் சொன்னது?

வாடிக்கையாளர் புகார்களில் அவசரமானவற்றைத் தானாகப் பிரித்துத் தரும் செயற்கை நுண்ணறிவுத் திட்டம் அது. வணிகப் பிரிவுக்கும் ஐடி பிரிவுக்கும் நடுவில் நின்று பேசுவது என் வேலை. முதல் சோதனையில் 95 சதவீதத் துல்லியம் என்று ஐடி குழு அறிவித்ததும், அடுத்த மாதமே நடைமுறைக்குக் கொண்டுவரலாமா என்றார் மேலாளர். புகார்ப் பிரிவில் நெடுநாள் அனுபவமுள்ள அம்மையார் மட்டும், "இதில் எத்தனை அவசரப் புகார் தவறிப்போகும்?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை.

100 புகார்களில் 5 மட்டுமே அவசரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றையும் படிக்காமல் எல்லாவற்றையும் 'அவசரமில்லை' என்று ஒதுக்கினாலும் 95 சதவீதத் துல்லியம் வந்துவிடும். ஐடி குழு பொய் சொல்லவில்லை. அவர்கள் சொன்ன துல்லியம் வேறு, மேலாளர் புரிந்துகொண்டது வேறு.

இன்னொரு சிக்கலும் கிளம்பியது. பழைய பதிவுகளில் 'அவசரம்' என்று குறித்திருந்ததை வைத்துத்தான் அந்தச் செயற்கை நுண்ணறிவு அமைப்புக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அந்தக் குறியை எப்போது இடுவீர்கள் என்று ஊழியர்களிடம் கேட்டேன். மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தால் இடுவோம் என்றார் ஒருவர். கோப்பு நகராமல் கிடந்தால் இடுவேன் என்றார் மற்றொருவர். அமைப்பு அதைத்தான் கற்றுக்கொண்டிருந்தது.

குவிந்த தரவுகளிலிருந்து பயனுள்ள தகவலைத் தோண்டியெடுக்கும் 'தரவு அகழ்வு'த் திட்டங்களுக்கென 2000இல் வெளியான கிறிஸ்ப்-டிஎம் வழிகாட்டி, வணிகத் தேவையைப் புரிந்துகொள்வதையே முதல் கட்டமாக வைத்திருக்கிறது. நாங்கள் அதை ஒரே கூட்டத்தில் முடித்துவிட்டோம். அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு. அந்தக் கூட்டத்தின் குறிப்பை எழுதியவன் நான்தான்.

பிறகு 100 புகார்களை அச்சிட்டு, புகார்ப் பிரிவினர் மூவரிடமும் நிரலாளர்கள் இருவரிடமும் கொடுத்தேன். ஒருவர் தாளை இன்னொருவர் பார்க்காமல் தனித்தனியே குறிக்கச் சொன்னேன். அனுபவசாலிகள் மூவருமே பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. 'இரண்டு முறை பணம் பிடித்துவிட்டீர்கள், இது என் மூன்றாவது கடிதம்' என்று ஒரு புகார். மூன்றாவது கடிதம் என்பதால் அவசரம் என்றார் ஒருவர். கூடுதலாகப் பிடித்த பணம் தானாகவே திரும்பிவிடும், அவசரமில்லை என்றார் இன்னொருவர். அந்த ஒரு கடிதத்திலேயே அரை மணி நேரம் போயிற்று. நிரலாளர்கள் இருவரும் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். பணம் எப்படித் திரும்புகிறது என்பதே அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. ஆறு மாதக் கூட்டங்களில் கிடைக்காத புரிதல் அது.

அன்று மாலையே எது அவசரம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டோம். அவசரமான ஒன்றைத் தவறவிடுவதும், சாதாரணப் புகாரை அவசரம் என்று தூக்கிக் கொடுப்பதும் ஒரே அளவு தவறு அல்ல என்று முடிவாயிற்று. முதல் வகைத் தவறைக் குறைத்தால் இரண்டாம் வகை பெருகும். நாளொன்றுக்கு எத்தனை வீண் எச்சரிக்கைகளைப் பொறுக்க முடியும் என்று ஐடி குழு கேட்டது. வேலையைச் செய்பவர்களிடமே அதைக் கேட்டது எனக்குப் பெரிய நிறைவு. முப்பது வரை படித்துவிடுவோம் என்றார் அந்த அம்மையார்.

இரண்டாவது சோதனையின் அறிக்கையில் துல்லியச் சதவீதம் கடைசி வரிக்குப் போயிருந்தது. முதல் வரியில் தவறிப்போன அவசரப் புகார்களின் எண்ணிக்கையும், அதன் கீழே அந்தக் கடிதங்களும் இருந்தன. அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினார்.