பாலாற்றங்கரையில் ‘ஓஷியானிக்’

எங்கள் வேலூர்ப் பள்ளியின் பழைய மாணவர் சங்க மலரில் பெரும்பாலும் ஆசிரியர்களும் ஆண்டு விழாக்களும்தான் இடம்பிடிப்பார்கள். இந்த முறை ஓர் ஆல்பத்துக்காக இரண்டு பக்கம் கேட்டு வாங்கியிருக்கிறோம். 2000-களின் நடுவில் மேல்நிலை வகுப்பில் இருந்தவர்களுக்கும், பள்ளி இசைக்குழுவில் கிட்டார் தூக்கியவர்களுக்கும் பெயரைச் சொன்னாலே போதும்: ஐசிஸ் என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் ‘ஓஷியானிக்’. மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் குழுவின் பெயரை இன்று தேடினால் வேறு செய்திகள்தான் வந்து விழும். இவர்கள் எகிப்தியப் பெண் தெய்வத்தின் பெயரை வைத்துக்கொண்டு 1997-இல் பாஸ்டன் பக்கம் தொடங்கியவர்கள், 2010-இல் கலைந்துவிட்டார்கள்.

ஆல்பம் 2002 செப்டம்பரில் இபெகாக் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. 9 தடங்கள், மொத்தம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒலிப்பதிவு மாட் பேய்ல்ஸ். மாஸ்டடான் குழுவின் ஆரம்ப ஆல்பங்களிலும் அவர் கைவண்ணம் உண்டு. பாடுபவர் ஆரன் டர்னர், கிட்டாரும் அவரே. உணர்ச்சி மரத்துப்போன ஒருவன், தனக்கென ஒருத்தி கிடைத்தாள் என்று நம்பி, அவளைப் பற்றிய உண்மை தெரிந்து கடைசியில் தண்ணீரில் போய் முடிகிற கதை. வரிகள் காதில் பிடிபடாது. குரல் கிட்டார்களுக்கு மேல் நிற்பதில்லை, நடுவில் இன்னொரு வாத்தியமாகப் புதைந்து கிடக்கும். வரிகளைத் தாளில் படித்துவிட்டுக் கேட்பவர்களுக்குத்தான் கதை பிடிபடும்.

இந்த வகையின் வேரைச் சொல்லிவிடலாம். பிளாக் சப்பாத் குழுவின் மெதுவான, கனத்த ரிஃப்பையும் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) ஹார்ட்கோர் பங்க்கின் கத்தலையும் சேர்த்து மெல்வின்ஸ் போன்றவர்கள் குழைத்தது ஸ்லட்ஜ். கலிபோர்னியாவின் ஓக்லாந்தைச் சேர்ந்த நியூரோசிஸ் குழு அதைப் பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம் என்று இழுத்து, ஒரு சடங்குபோல ஆக்கியது. அவர்களுடைய 1996 ஆல்பம் ‘த்ரூ சில்வர் இன் ப்ளட்’ இதற்கு அளவுகோல். ஐசிஸ் அந்தக் கனத்தை எடுத்துக்கொண்டு அதற்குள் அமைதியைக் கொண்டுவந்து வைத்தது. பிறகு வந்த பல குழுக்கள் இரண்டையும் அப்படியே நகலெடுத்ததால், இரண்டு பெயரையும் ஒட்டி ‘நியூரைசிஸ்’ என்று கிண்டல் செய்யும் வழக்கமே வந்தது. ஆல்பத்துக்கு வெளியுலகில் கிடைத்த வரவேற்பு பெரியது. பிரிட்டனின் ‘டெரரைசர்’ இதழ் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் என்றது. டிம் ஹெக்கர், ஃபெனெஸ் போன்ற மின்னணு இசைக்காரர்கள் ரீமிக்ஸ் செய்தார்கள். 2006-இல் லண்டனில் முழு ஆல்பத்தையும் மேடையில் வாசித்தார்கள்.

வேலூரில் கிடைத்த வரவேற்பு வேறு. “பாட்டு எப்ப மச்சான் ஆரம்பிக்கும்?” என்பதுதான் பொதுவான விமர்சனம். “இந்தாளுக்குத் தொண்டை வலிக்காதா?” அடுத்தது. இதில் ரசனைக் குறை என்று ஒன்றும் இல்லை. பிடிக்கவில்லை என்றவர்களில் பெரும்பாலோர் கேட்டது ஆல்பத்தை அல்ல, ஸ்பீக்கரை.

கணக்கு எளிது. சாதாரண டியூனிங்கில் கிட்டாரின் தடித்த கம்பி ஈ சுரத்தில் நிற்கும், 82 ஹெர்ட்ஸ். ஐசிஸ் அதை பி-க்கு இறக்குவார்கள், சுமார் 62. பேஸ் கிட்டாரின் பி அதற்கும் பாதி, 31. அன்று கம்ப்யூட்டர் மேசையில் இருந்த மூன்று அங்குல ஸ்பீக்கர்கள் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. மேல்சுரங்களை வைத்துக் காது அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும் என்பதால் என்ன நோட் என்பது தெரியும். பாரம் மட்டும் தெரியாது. பாரத்தை எடுத்துவிட்டால் இந்த இசையில் மிஞ்சுவது இரைச்சலும் காத்திருப்பும்தான்.

அடுத்த குற்றவாளி எம்பி3. பாட்டை நன்றாகச் சுருக்கிவிடும் 128 கேபிபிஎஸ்ஸில் முழு ஆல்பமும் ஏறக்குறைய 60 எம்பி; 320-இல் 150. ஒரு 700 எம்பி சிடியில் பதினொரு ஆல்பம் திணிக்க வேண்டுமென்றால் எதைத் தேர்ந்தெடுப்போம் என்று சொல்லத் தேவையில்லை. 128-இல் அடிச்சுரம் பெரிதாகக் கெடாது. கெடுவது சிம்பல், அதாவது டிரம்ஸின் உலோகத் தட்டு. உச்சக்கட்டங்களில் டிரம்மர் ஆரன் ஹாரிஸ் சிம்பலை விடாமல் அடித்து ஒலியைப் பரப்பும் இடமெல்லாம் குழாய்த் தண்ணீர் சிந்துவதுபோல் ‘ஸ்வஷ்’ என்று கலங்கிவிடும். போதாக்குறைக்கு ஷஃபிள் வேறு. தலைப்பே இல்லாத இரண்டு நிமிடத் தடமும் ‘மாரிடைம்’ என்ற சிறு தடமும் முன்னும் பின்னும் இருப்பவற்றுக்கு இடையில் மூச்சு வாங்க வைத்தவை; வரிசை மாறினால் அவற்றுக்கு வேலையே இல்லை.

நல்ல ஹெட்ஃபோன் ஒன்று வகுப்பில் யாரிடமாவது வந்து சேர்ந்த பிறகு கதை மாறியது. முதலில் ‘வெயிட்’ என்ற தடத்தைக் கேட்கச் சொல்வோம், இப்போதும் அதையேதான் சொல்வோம். பத்தரை நிமிடத்துக்கு மேல். பாதிக்கு மேல் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரக்க வைப்பது) இல்லாத கிட்டார், மெல்ல ஏறும் டிரம்ஸ், பிறகு மரியா கிறிஸ்டோஃபரின் குரல் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்பப் பாட, அதன் அடியில் எல்லாம் திரண்டுகொண்டே போகும். திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடிய பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த வடாற்காட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. திரைக்குப் பின்னால் வேஷம் நின்று பாடிக்கொண்டே இருக்கும், திரை விலகாது, மத்தளம் ஏறிக்கொண்டே போகும். அந்தப் பொறுமை உள்ளவனுக்கு ‘வெயிட்’ நீளமே இல்லை.

கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா, வாசிக்க இறங்கினார்கள். இங்கேதான் பெரும்பாலான பள்ளிக் குழுக்கள் கவிழ்ந்தன. காரணங்கள் இன்றைக்கும் அதேதான் என்பதால் விரிவாகச் சொல்கிறோம்.

கம்பியை மாற்றாமல் டியூனிங்கை இறக்குவது முதல் தவறு. அதே கம்பியை ஈ-யிலிருந்து பி-க்கு இறக்கினால் இழுவிசையில் 44 சதவீதம் போய்விடும். 10-46 செட்டின் தடித்த கம்பி (எண்கள் கம்பியின் தடிமன், அதாவது கேஜ்) தொய்ந்து ஃபிரெட்டில், அதாவது கழுத்தில் உள்ள உலோகக் கட்டையில் உரசும், பலமாக மீட்டினால் சுரம் முதலில் மேலே போய் பிறகு கீழே வந்து நிற்கும். பழைய விறைப்பு வேண்டுமென்றால் 60 முதல் 62 கேஜ் கம்பி வேண்டும். அந்தத் தடிமன் கழுத்தின் மேல்முனையில் கம்பியைத் தாங்கும் பழைய நட் பள்ளத்தில் உட்காராது. இறுகிக்கொண்டு டியூனிங் நழுவும். பள்ளத்தை அளவான அரத்தால் அகலப்படுத்த வேண்டும், ஆழப்படுத்தக் கூடாது. பிறகு மறுமுனையில் கம்பியைத் தாங்கும் சேடிலைப் பின்னால் தள்ளி, 12-ஆவது ஃபிரெட்டில் அழுத்திய சுரமும் அதே இடத்தில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் ஒன்றாகும்வரை சரிசெய்ய வேண்டும்.

இரண்டாவது, டிஸ்டார்ஷனை முழுதாகத் திருகுவது. கனம் என்றால் அதிக கெயின் (டிஸ்டார்ஷனின் அளவு) என்று நினைப்பு. கெயின் கூடக் கூட கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கொத்து) உள்ள சுரங்கள் ஒன்றையொன்று தின்று, கூட்டலும் கழித்தலுமாகப் புதிய இரைச்சலை உண்டாக்கும்; இவ்வளவு தாழ்ந்த டியூனிங்கில் அது வெறும் சேறு. நாப் பாதியில் இருந்தால் போதும். நடு அலைவரிசையைக் குறைத்து பேஸும் ட்ரெபிளும் ஏற்றுவது தனி அறையில் அழகாக இருக்கும், ஹாலில் கிட்டார் காணாமல்போகும். பள்ளி ஹாலின் ஒலிபெருக்கிகள் பேச்சுக்கென்று மாட்டியவை, தாழ்ந்த சுரத்துக்கு அவற்றில் இடமே இல்லை. பேஸுக்குத் தனி ஆம்ப் மேடையிலேயே இருக்க வேண்டும். இரண்டு கிட்டாரும் ஒரே கார்டை ஒரே இடத்தில் வாசிக்காமல், ஒருவர் மேல் ஸ்தாயிக்குப் போவது நல்லது.

மூன்றாவது டெம்போ. வேகமாக வாசிப்பதைவிட மெதுவாக வாசிப்பது கடினம் என்பதை எந்த டிரம்மரும் ஒப்புக்கொள்ள மாட்டார். அமைதியான பகுதியில் எல்லோரும் அறியாமல் ஓடுவார்கள். கனத்த பகுதி வந்து சேரும்போது அது மெட்டலாக இருக்கும், ஆனால் கனமாக இருக்காது. டிரம்மர் காதில் மெட்ரோனோம் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அமைதியான பகுதியை வால்யூம் நாபால் அல்ல, பிக் பிடிக்கும் கையால் அடக்க வேண்டும். தொடக்கத்திலேயே முக்கால் சத்தத்தில் இருந்தால் ஏறுவதற்குப் படியே இல்லை.

இதற்கெல்லாம் மேல் மின்சாரம். கரண்ட் கட் நேரத்தில் இன்வெர்ட்டரில் ஒத்திகை பார்த்தவர்களுக்கு அந்த ‘ங்ஙீ’ நினைவிருக்கும். மலிவான இன்வெர்ட்டர் தருவது சதுர அலை. 50 ஹெர்ட்ஸோடு 150, 250, 350 என்று ஒற்றைப்படைப் பெருக்கங்களும் வந்து, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் சிங்கிள் காயில் பிக்கப் வழியாக உள்ளே புகும். டிஸ்டார்ஷன் அதை இன்னும் பெருக்கும். காலால் அழுத்தி ஒலியை மாற்றும் பெடல்களை 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால் பாதி இரைச்சல் போகும். ஆனால் டிஜிட்டல் டிலே பெடல் பேட்டரியைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும், டிஸ்டார்ஷன் பெடல் நாள்கணக்கில் தாங்கும். மைக்கில் உதடு பட்டதும் சுருக்கென்று அடித்தால் அது எர்த் பிரச்சினை. கிட்டார் ஆம்பும் மிக்சரும் எர்த் உள்ள ஒரே பிளக் பாயின்டிலிருந்து, ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் வர வேண்டும். இரைச்சல் குறைகிறதே என்று எர்த் பின்னை உடைப்பவர்களை மேடைப் பக்கமே விடாதீர்கள்.

அடுத்த சங்க ஆண்டு விழாவில் வாசிக்க ஒரு குழு தயாராவதாகக் கேள்வி. மேடை நேரம் 15 நிமிடம் என்றால் ‘வெயிட்’ ஒன்றே போதும், மீதியை ஒலிச் சரிபார்ப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். 8 நிமிடம்தான் தருவார்கள் என்றால் அதை வெட்டிச் சுருக்காமல் அதே ஆல்பத்தின் ‘கேரி’ தடத்தை எடுங்கள். ஏழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.