அடுப்பைப் பற்றவைப்பது யார்?

இஸ்ரேலில், ஹைஃபாவில் நான் பார்த்துக்கொள்ளும் பாட்டி வீட்டில் சமையல் முழுக்க என் பொறுப்பு, அடுப்பைப் பற்றவைப்பது மட்டும் இல்லை. காய் நறுக்கி, சட்டியை ஏற்றி வைத்துவிட்டு "சவ்தா" என்று கூப்பிடுவேன். ஹீப்ருவில் பாட்டிக்கு அப்படித்தான். 88 வயது, ருமேனியாவில் பிறந்தவர். வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து கேஸைத் திருகிவிட்டுப் போவார். யூதர் அல்லாதவர் தனியாகச் சமைத்தால் கோஷர், அதாவது அவர்கள் மதப்படி சாப்பிடத் தக்கது, ஆகாது, யூதர் ஒருவர் தீ மூட்டிவிட்டால் போதும் என்பது அவர்கள் குடும்ப வழக்கம். வந்த புதிதில் எனக்குச் சுருக்கென்றது. யார் வீட்டு அடுக்களைக்குள் யார் போகலாம் என்பதையெல்லாம் ஊரில் பார்த்து வளர்ந்தவள்தானே நானும்.

இரண்டு வருஷம் முன்னால், பேரன் கட்டிக்கொள்ளப்போகிற பெண் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். சின்ன வயதிலேயே ரஷ்யாவிலிருந்து வந்தவள். அப்பா யூதர், அம்மா யூதர் இல்லை. ராணுவத்திலும் இருந்திருக்கிறாள். ஒருநாள் சவ்தா நல்ல தூக்கம். எழுப்ப மனமில்லாமல் இவளிடம், "கொஞ்சம் அடுப்பைப் பற்றவையேன்" என்றேன். முகம் சிவந்துவிட்டது. "நான் பற்றவைத்தாலும் நீ பற்றவைத்தாலும் ஒன்றுதான்" என்றாள்.

எனக்குப் புரியவே கொஞ்ச நாள் ஆயிற்று. யூதர்கள் இங்கே வந்து குடியேற 1950ல் ஒரு சட்டம் போட்டார்கள். 1970ல் அதைத் திருத்தி, யூதரின் பிள்ளை, பேரப்பிள்ளை வரை அந்த உரிமையைக் கொடுத்தார்கள். அதே திருத்தத்தில், யூதர் என்றால் யூதத் தாய்க்குப் பிறந்தவர் அல்லது மதம் மாறி வந்தவர், வேறு மதத்தில் இல்லாதவர் என்றும் எழுதினார்கள். ஆக அவள் குடிமகள்தான், சிப்பாய்தான், ஆனால் யூதப் பெண் இல்லை. யூதர்களின் கல்யாணம் இங்கே ரப்பிகள் என்கிற மதகுருக்கள் கையில், பதிவுத் திருமணம் என்று ஒன்று இல்லை. இவளைப் போன்றவர்கள் சைப்ரஸுக்குப் போய்க் கட்டிக்கொண்டு வந்து பதிவு செய்துகொள்வார்கள். இவளுக்கு அது வேண்டாம், சவ்தா பார்க்க இங்கேயே நடக்கவேண்டும். யூத மதத்தின் சீர்திருத்தப் பிரிவில் மாறினால் சுலபமாயிற்றே என்றேன். 2021ல் உச்ச நீதிமன்றம் அந்த மாற்றத்தையும் குடியுரிமைக்கு ஏற்றுக்கொண்டது, ஆனால் ரப்பிகள் கல்யாணத்துக்கு ஏற்பதில்லையாம். குடியுரிமைதான் அவளிடம் ஏற்கெனவே இருக்கிறதே!

சரி, கடினமான வழிதான். கியுர் வகுப்புக்கு, அதாவது யூத மதத்துக்கு மாறுகிற படிப்புக்குச் சேர்ந்தாள். வேடிக்கை என்னவென்றால் அடுக்களைப் பாடத்துக்கு வாத்தியார் நான். இறைச்சிக் கத்திக்குச் சிவப்பு அடையாளம், பால் கத்திக்கு நீலம், கழுவுகிற தொட்டியும் இரண்டு. இறைச்சி சாப்பிட்டால் ஆறு மணி நேரம் கழித்துத்தான் பால் காபி. ஆறு வருஷமாக இதையே செய்கிற எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

ஒருநாள் அவள் எனக்குச் சொல்லித்தந்தது வேறு. சாப்பிடுமுன் கடவுளுக்குச் சொல்கிற வாழ்த்தில் ஆப்பிளுக்கு மரத்தின் கனி என்று சொல்லவேண்டும், வாழைப்பழத்துக்கு மண்ணின் கனி என்றுதான் சொல்லவேண்டும். ஏன் தெரியுமா என்றாள். எனக்கா தெரியாது? குலை வெட்டினதும் வாழையையும் சாய்த்துவிடுவோம், அதற்கு ஏது மரம். தக்கலைக்காரிக்கு இதற்கெல்லாம் வகுப்பு வேண்டாம்.

முதல் தடவை ரப்பிகளின் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் முன்னால் போனவளை, இன்னும் படித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். ராத்திரி அழுதுகொண்டே வந்தாள். என்ன கேட்டார்கள் என்றேன். கடவுளைப் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் என்னென்ன செய்வாய், உன் தெருவில் யாரைத் தெரியும் என்றார்களாம். எனக்கு ஆச்சரியம். எங்கள் கோயிலில் ஞானஸ்நானம் என்றால் முதலில் விசுவாசப் பிரமாணம். அப்புறம் பைபிளில் வருகிற ரூத் நினைவுக்கு வந்தாள். மாமியாரிடம் அந்த மோவாபியப் பெண் சொன்னதில் உன் இனம் என் இனம் என்பது முதலில், உன் தெய்வம் அதற்கடுத்து.

நான் பூசைக்குப் போகிற ஊரிலேயே இதற்கு நேர் எதிரான கதை ஒன்று உண்டு. கார்மேல் மலைச் சபைத் துறவி பிரதர் டேனியல், சொந்தப் பெயர் ஓஸ்வால்ட் ருஃபைசன். போலந்து யூதர். 1942ல் தன்னை யூதர் என்று காட்டிக்கொள்ளாமல் ஜெர்மன் போலீசுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்துகொண்டே, மீர் ஊரில் யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோவில் இருந்தவர்களுக்குத் துப்புக் கொடுத்து சுமார் 300 பேரைத் தப்பவைத்தவர். கன்னியர் மடத்தில் ஒளிந்திருந்தபோது கிறிஸ்தவரானார். பிற்பாடு இங்கே வந்து, மதம்தான் மாறினேன், இனம் யூதன்தான், யூதன் என்றே குடியுரிமை கொடுங்கள் என்றார். 1962ல் நீதிமன்றம் மறுத்தது. யூத மதச் சட்டப்படி இவர் இன்னமும் யூதர்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, நாட்டுச் சட்டத்தில் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது என்றார்கள். பிறகு சாதாரண வழியில் குடியுரிமை வாங்கி, 1998ல் இறக்கும்வரை இங்கேதான் இருந்தார். மதச் சட்டப்படி அவருக்கு வெளியேற முடியவில்லை, இவளுக்கு உள்ளே நுழைய முடியவில்லை. இதைச் சொன்னதும் அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

இரண்டாம் தடவை சரி என்றார்கள். மதம் மாறுகிறவர்கள் முழுகி எழுகிற சடங்குக் குளமான மிக்வேயில் முழுகுவதற்கு முந்தின ராத்திரி சாப்பாட்டு மேஜையில் உட்கார்த்தி நகப்பூச்சைத் துடைத்துவிட்டேன். உடம்பில் தண்ணீர் படாத இடம் ஒரு பொட்டுகூட இருக்கக்கூடாது. சுண்டுவிரல் ஓரத்தில் சிவப்பு போகவே மாட்டேன் என்றது. பஞ்சைக் குச்சியில் சுற்றிச் சுரண்டினேன். சவ்தா கண்ணாடி போட்டுக்கொண்டு பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

மறுநாள் மத்தியானம் ஈரத்தலையோடு வந்து நின்றாள். அப்போதுதான் சட்டியை ஏற்றி வைத்துவிட்டு வழக்கம்போல் "சவ்தா" என்று கூப்பிட்டிருந்தேன். சவ்தா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "எனக்குக் கால் வலிக்கிறது, அவளைப் பற்றவைக்கச் சொல்" என்றார்.