பளிச்சென்ற டைல்ஸும் கீழ்வீட்டுக் கூரையும்

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். "சார், ஒரு நிமிடம் கீழே வந்து பார்க்கிறீர்களா?" சண்டைக்கு வந்த குரல் இல்லை. அதுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. அவருடைய படுக்கையறையில், பீரோவுக்கு நேர் மேலே, ஊத்தப்பம் அளவுக்குக் கூரையில் ஒரு மஞ்சள் திட்டு. பெயிண்ட் உப்பிக்கொண்டு, விரல் பட்டதும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அதற்கு நேர் மேலே என் வீட்டு ஷவர்.

அந்த ஷவரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. 2019-இல் மடிப்பாக்கம் வீட்டைப் புதுப்பித்தபோது பழைய குளியல் தொட்டியைப் பெயர்த்துவிட்டு, கதவே இல்லாத கண்ணாடித் தடுப்பு ஒன்றை வைத்து, சுவர் முழுக்கச் சாம்பல் நிற டைல்ஸ் ஒட்டினேன். ஆறே மாதத்தில் கண்ணாடி, பழைய மூக்குக் கண்ணாடி போல ஆகிவிட்டது. காரணம் எங்கள் போர் தண்ணீர். வாளியின் விளிம்பில் சுண்ணாம்பு அடித்ததுபோல் படியும். ஹீட்டரைக் கழற்றினால் சிப்பி ஓடுகள் கொட்டும். ஒருமுறை பரிசோதிக்கக் கொடுத்ததில் கடினத்தன்மை லிட்டருக்கு 780 மில்லிகிராம் என்று வந்தது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அளவு 200. வேறு வழியே இல்லையென்றால் 600. குளிக்கத்தானே என்று நாமும் விட்டுவிடுகிறோம். ஆனால் அந்தக் கால்சியத்தோடு சோப்பு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒரு பசையாகி டைல்ஸில் அப்பிக்கொள்கிறது. எத்தனை தேய்த்தாலும் போகாது.

ஆகவே ஆசிட். எங்கள் தெருவில் சைக்கிளில் "ஆசிட், பினாயில்" என்று கூவிக்கொண்டு வருபவரிடம் மாதம் ஒரு பாட்டில் வாங்குவேன். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு சுவரில் ஊற்றினால், டைல்ஸின் இடுக்குகளில் வெள்ளையாக நுரைக்கும். அழுக்கு பொங்கி வெளியேறுகிறது என்று நினைத்து அந்த நுரையை நான் ரசித்திருக்கிறேன். பிறகு கழுவிவிட்டால் பளிச்சென்று இருக்கும். ஐந்து வருடம் இப்படி.

டைல்ஸ் மேஸ்திரி வந்தார். ஐந்து ரூபாய் நாணயத்தால் தரையை ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல கல்லில் 'ணங்'. வடிகால் ஜாலியை ஒட்டிய நான்கு கற்களில் மட்டும் காலி டப்பாவின் ஓசை. பிறகு என் மனைவியிடம் ஓர் ஊக்கு கேட்டு வாங்கி, இரண்டு கற்களுக்கு நடுவே செருகினார். முக்கால் ஊக்கு உள்ளே போய்விட்டது. "சார், நீங்கள் கழுவியது அழுக்கை இல்லை, சிமெண்டை" என்றார்.

இடுக்கில் பூசியிருக்கும் கிரவுட் என்பது சிமெண்ட்தான். ஆசிட் பட்டால் அது நுரைத்துக் கரையும். நான் ரசித்த நுரை அதுவே. போதாக்குறைக்குப் பழைய ஆள், கற்களுக்கு நடுவே சீராக இடைவெளி விட உதவும் ஸ்பேசர் துண்டுகளை வைக்காமல் கல்லோடு கல்லை ஒட்டிப் போட்டிருந்ததால், உள்ளே போன கிரவுட்டே நூல் அளவுதான். நீர்வாட்டமும் ஒரு மூலையில் சரியில்லை. அங்கே தண்ணீர் தேங்கி நிதானமாக இறங்கியிருக்கிறது.

குழாய்க் கசிவாக இருக்குமோ என்று எனக்கு ஒரு நப்பாசை. பத்து நாள் அந்த ஷவரில் யாரும் குளிக்க வேண்டாம் என்றார் மேஸ்திரி. திட்டு காய்ந்தது. குழாயில் எந்நேரமும் அழுத்தம் இருக்கும், கசிவு அங்கே என்றால் குளிக்காவிட்டாலும் ஒழுகியிருக்கும் என்பது அவர் கணக்கு. நப்பாசை போனது.

காலி டப்பாவாக ஒலித்த நான்கு கற்களையும் பெயர்த்து, வாட்டம் சரிசெய்து, ஸ்பேசர் வைத்து வேறு கல் போட்டார். மற்ற இடுக்குகளையெல்லாம் கீறி எடுத்து, காயவிட்டு, சிமெண்டுக்குப் பதில் எபாக்ஸி என்ற பிசினை நிரப்பினார். இரண்டு டப்பாக்களைக் கலந்தவுடன் இறுக ஆரம்பித்துவிடும் சரக்கு அது. ஒரு கையால் அழுத்தி நிரப்பி, மறு கையால் ஈரப் பஞ்சு கொண்டு துடைத்துக்கொண்டே வர வேண்டும். மேலே படிந்தது காய்ந்துவிட்டால் உளி எடுக்க வேண்டியதுதான். சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் சிலிகான். அந்த இடம் அசையும், விறைப்பான எதைப் பூசினாலும் விரிசல் விடும் என்றார். இதற்கு மேலும் ஒழுகினால் அடியில் உள்ள நீர்த்தடுப்புப் பூச்சே போயிருக்கிறது என்று பொருள், மொத்தத் தரையையும் உடைக்க வேண்டும் என்று ஒரு வெடியையும் வைத்துவிட்டுப் போனார். இதுவரை ஒழுகவில்லை.

இப்போது செய்வதெல்லாம், குளித்து முடித்ததும் கண்ணாடி, சுவர், தரை என்று மேலிருந்து கீழாக வைப்பரை இழுப்பதுதான். ஒரு நிமிட வேலை. தண்ணீர் காய்ந்தால்தானே உப்பு படியும்? வாரம் ஒருமுறை, மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு இரண்டு தேக்கரண்டியை அரை லிட்டர் வெந்நீரில் கரைத்துக் கண்ணாடியிலும் குழாயிலும் தெளித்து, ஐந்து நிமிடத்தில் கழுவிவிடுகிறேன். சிமெண்ட் கிரவுட் உள்ள வீடுகளில் இதிலும் கவனம் வேண்டும், இதுவும் அமிலம்தான். முதலில் சுவரை நன்றாக நனைத்துவிட்டால் இடுக்குகள் அதிகம் உறிஞ்சாது. சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து தெளிக்கச் சொல்லி என் சித்தி வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். ஒன்றை ஒன்று சமன்செய்துவிட்டு மிஞ்சுவது உப்புத் தண்ணீர். அதைத்தான் ஓசியில் போர் தருகிறதே. கரும்பூஞ்சைக்குப் பிளீச்சிங் பவுடர் போடுபவர்கள், அதே நாளில் ஆசிட் பக்கம் போகவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் கிளம்புவது குளோரின், காற்றோட்டமில்லாத அறையில் அது விளையாட்டில்லை.

எண்ணெய்க் குளியல் அன்று தரை வழுக்கும். அதற்கு அம்மாவின் வழிதான்: மிஞ்சிய சீயக்காயைத் தரையில் கொட்டி, தேங்காய் நாரால் நாலு தேய்ப்பு. "இதற்கு ஒரு மேஸ்திரியா?" என்று வேறு கேட்கிறார்.

வைப்பரைத் தொடாமல் வெளியே வருபவன் என் மகன் ஒருவன்தான். கீழ்வீட்டில் பெயிண்ட் அடித்துக் கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் அங்கே எப்போது போனாலும் என் கண் முதலில் கூரைக்குத்தான் போகிறது. சைக்கிள்காரர் இன்னமும் வாசலில் நின்று குரல் கொடுக்கிறார். பினாயில் மட்டும் வாங்கிக்கொள்கிறேன்.